மலை மடத்துக்கு மீன்குழம்பு கொண்டுபோனோம்

இந்தப் பயணத்தில் நடந்தவற்றை நடந்தபடியே எழுதப்போகிறேன். பயணக் கட்டுரைகள் நிறைய வாசிக்கிறவள் நான். அவற்றில் எல்லோரும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஒருவருக்கும் காலில் கொப்புளம் வருவதில்லை. நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இரண்டு கொப்புளங்கள் வந்தன. பெரியம்மா "இதை எழுதிப்போடாதை" என்று சொன்ன இரண்டு விஷயங்களும் இதில் வருகின்றன. ஆனால் அந்தப் பகுதிகளை அவருக்கு வாசித்துக் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். என் பெரியம்மாவின் ஒரே மகன் ஜெறோம் அண்ணா. ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்து, எலெக்ட்ரீஷியனாக ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, இரவு வேலைகளுக்கும் போய் வந்துகொண்டிருந்தவர். சென்ற வருடம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, தெற்கே அல்கொய் மலையில் இருக்கும் பௌத்த மடம் ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னார். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். அதிலும் பெரியப்பா, காவி உடையைப் பற்றி ஒரு நல்ல நினைவும் இல்லாமல் இலங்கையை விட்டு ஓடி வந்தவர். அன்று அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருக்கவில்லை. ஜெறோம் அண்ணா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழும்பிப் போனார் என்பது மட்டும் தெரியும். அடுத்த வாரம் மடத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

தொலைபேசியில் பேசுவார், மாதம் ஒரு தடவை. "சாப்பிட்டியோ?" என்று பெரியம்மா கேட்பார். "ஓம் அம்மா" என்று பதில் வரும். பெரியம்மாவுக்கு அந்த 'ஓம்' போதவில்லை.

"ஒருக்கா என்ர கையால அவனுக்குச் சோறு குடுக்கோணும்," என்று ஈஸ்டர் அன்று என் அம்மாவிடம் சொன்னார். "மனம் மாத்தப் போகேல்லை. அழவும் போகேல்லை. அண்டைக்கு விட்டிட்டுப் போன சோத்தைச் சாப்பிட்டு முடிக்கட்டும், அவ்வளவுதான்."

அம்மாவுக்கு மருத்துவமனையில் விடுமுறை கிடைக்கவில்லை. பெரியப்பா வரமாட்டேன் என்றார். மிஞ்சியது நான். வயது பதினைந்து, வரைபடம் பார்க்கத் தெரியும், ஜெர்மன் மொழியில் பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதுவேன். ஜூன் மாதத்தில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா ஒரு வியாழக்கிழமை வருகிறது. எங்கள் மாநிலத்திலும் தெற்கே மடம் இருக்கும் பயர்ன் மாநிலத்திலும் அது பொது விடுமுறை. மறுநாள் வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடமும் பூட்டு. புதன் பின்னேரம் புறப்பட்டு வெள்ளி இரவு திரும்புவது என்று முடிவாயிற்று.

மடத்துக்கு மின்னஞ்சல் எழுதி, போய்ச் சந்திக்க டெர்மின், அதாவது நாளும் நேரமும், கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. போக நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். அங்கே துறவிகள் நாளுக்கு ஒரு வேளைதான் உண்கிறார்கள், காலை பதினொரு மணிக்கு. நண்பகல் கடந்தபின் மறுநாள் விடியும்வரை ஒன்றும் உண்ணமாட்டார்கள். தாங்களாகச் சமைப்பதும் இல்லை. வருகிறவர்கள் கையில் கொடுப்பதைத்தான் சாப்பிடுவார்கள். உணவு கொண்டுவருபவர்கள் பத்தரைக்கு வந்துவிட வேண்டும். கடையில் வாங்கிய மீனோ இறைச்சியோ கொடுத்தால் ஏற்பார்கள், தங்களுக்காகவென்று கொன்றதை மட்டும் ஏற்கமாட்டார்கள். ஜெறோம் அண்ணா இன்னும் துறவி இல்லை. வெள்ளை உடுத்து முதல் வருடப் பயிற்சியில் இருக்கிறார். ஆனால் நண்பகல் விதி அவருக்கும் உண்டு.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, பெரியம்மாவின் முகம் மலர்ந்தது.

"சாமிமார் மீன் சாப்பிடுவினமோ? அப்ப எங்கட ஃபாதர் மாதிரித்தான்."

"பதினொண்டுக்கு, பெரியம்மா. பதினொண்டு எண்டா பதினொண்டு."

"எனக்கு நேரம் பாக்கத் தெரியும் பிள்ளை. முதியோர் இல்லத்துக் குசினியில இருபது வருசம். ஒரு நாள் பிந்தினனானோ?"

செவ்வாய் இரவு பெரியம்மா வீட்டில் தங்கினேன். வீட்டுக்குள் நடைபாதையில் மின்விளக்கு விடியவிடிய எரிந்தது. ஜெறோம் அண்ணா இரவு வேலை முடிந்து வந்து செருப்புத்தட்டில் கால் இடிப்பார் என்று முன்பு போட்டுவைத்த பழக்கம். அவர் போன பிறகும் பெரியம்மா அதை அணைப்பதில்லை. "மின்சாரக்காரன் மகன், மின்சாரக் காசு அப்பன்," என்று பெரியப்பா அதைக் கடக்கும்போதெல்லாம் சொல்லுவார். ஆனால் அவரும் அணைத்ததை நான் பார்த்ததில்லை.

அன்றிரவு பெரியப்பா குசினியில் நின்று இரண்டு கிலோ வெங்காயம் வெட்டினார். சீனிச் சம்பல் அந்த வீட்டில் அவருடைய வேலை. வெங்காயத்தை நீளவாக்கில் வெட்டி, மாசிக்கருவாட்டுத் தூளும் மிளகாயும் கறுவாப்பட்டையும் போட்டு, கருஞ்சிவப்பாகும்வரை அடுப்பை விட்டு நகராமல் வதக்குவார். கிழமைக்கணக்கில் பழுதாகாது. ஆறியதும் போத்தலில் அடைத்து என்னிடம் தந்தார்.

"கடையில வாங்கினது எண்டு சொல்லு."

"நான் பொய் சொல்லமாட்டன் பெரியப்பா."

"அப்ப ஒண்டும் சொல்லாதை. வாய் மூடிக்கொண்டு இருக்கிறது பொய்யில்லை."

புதன் மதியம் 1.40க்கு எசனில் ரயில் ஏறினோம். ஊல்மில் மாறி, பிறகு சிறிய ரயிலில் மலையடிவாரம் வரை போய், கடைசியில் பஸ். இரவு 8.25க்குக் கிராமத்தில் இறங்கினோம். எட்டு வாரம் முன்பே பதிந்ததால் இருவருக்கும் போக வர 131 யூரோ. கிராமத்தில் தங்குபவர்களுக்குக் கிடைக்கும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் பஸ் இலவசம். விடுமுறை வீடு ஒன்று, குசினியோடு, இரண்டு இரவுக்கு 150 யூரோ.

குசினியோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேற்றுச் சமைத்த சோறுகறியை மகனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று பெரியம்மா உறுதியாக இருந்தார். ஆகவே எங்கள் குளிர்பெட்டியில் உறைந்த விளைமீன் மூன்று கிலோ, தேங்காய்ப்பால் பெட்டிகள், கத்தரிக்காய், பருப்பு, குத்தரிசி, முந்தின இரவே அவித்த வட்டிலப்பம் என்ற இனிப்பு எல்லாம் எசனிலிருந்து வந்தன. மேலே மடத்தில் இருப்பது நான்கு துறவிகள், அண்ணா, சில விருந்தினர்கள். நாங்கள் கொண்டுபோனது நாற்பது பேருக்குக் காணும். ஓகஸ்டில் கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போகும் நம்மவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பக்கத்து பஸ்காரருக்கும் சேர்த்துத்தான் சமைப்போம்.

வியாழன் காலை நாலரைக்குப் பெரியம்மா அடுப்பை மூட்டினார். ஆறரைக்குக் கத்தரிக்காய்க் குழம்புக்குச் செத்தல் மிளகாய் தாளித்தார். கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. (எழுதாதே என்று சொன்ன முதலாவது விஷயம் இது.) நான் கதிரையில் ஏறித் துவாயை வீசிப் புகையை விரட்டினேன். கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா, பாதி பின்னிய தலையோடு ஓடிவந்தார். விழாவுக்காக அவர்களின் பாரம்பரிய உடுப்புப் போட்டிருந்தார். கதவைத் திறந்ததும் மிளகாய்ப் புகை அவர் மூக்கில் ஏறி, ஆறு தும்மல் தும்மினார்.

"வீடு எரியவில்லை, மன்னிக்கவும், இது சாப்பாடு," என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

"அப்படியா," என்றார் அவர், ஏழாவது தும்மலுக்குக் காத்துக்கொண்டே. "யாருக்கு?"

"துறவிகளுக்கு."

"பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

8.10க்குப் புறப்பட்டோம். பெரியம்மாவின் முதுகுப்பையில் சோற்றுப் பானையும் மீன்குழம்புச் சட்டியும். மூடிகளைப் பழைய சேலைத்துணியால் இறுக்கக் கட்டியிருந்தோம். என் பையில் மற்றவை. கிராமம் கடல்மட்டத்திலிருந்து 780 மீற்றர், மடம் 1,340 மீற்றர், தூரம் ஆறரைக் கிலோமீற்றர். இரண்டேகால் மணித்தியாலம் என்று மஞ்சள் வழிகாட்டிப் பலகை சொன்னது. கணக்குப்படி 10.25க்கு மேலே நின்றிருப்போம்.

ஊர் நடுவில் கோயில். நாங்கள் அதன் முன்னால் வந்தபோது கதவு திறந்து, பித்தளை வாத்தியங்கள் முழங்க, நற்கருணைப் பவனி வெளியே வந்தது.

திருவுடல் பெருவிழா என்பதால்தான் விடுமுறையே கிடைத்தது. அன்று பவனி வரும் என்று என் மூளைக்கு ஏன் எட்டவில்லை? குருவானவர் பொன்னிறக் குடையின்கீழ் நற்கருணையை, கிறிஸ்துவின் உடலென்று நாங்கள் வணங்கும் அப்பத்தை, ஏந்தி வந்தார். பெரியம்மா அந்த இடத்திலேயே, தார் வீதியில், பதின்மூன்று கிலோப் பையோடு முழந்தாளிட்டார். பை முன்னுக்குச் சரிந்து குழம்புச் சட்டி தலையில் தட்டியது. பவனி எங்களைக் கடந்ததும் நான் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"பெரியம்மா, அந்தப் பக்கத்து ஒழுங்கையால போவம்."

"ஆண்டவர் முன்னால போறார். நான் ஒழுங்கையால போறதோ?"

"பத்தரைக்கு மேல நிக்கோணும்!"

"முதலாவது பீடம் வரைக்கும்தான். வா."

வீதியில் பூவிதழ்களால் கோலம்போல் கம்பளம் போட்டிருந்தார்கள், நான்கு மூலைகளில் நான்கு பீடங்கள். முதலாவது பீடத்தில் ஆசீர்வாதம் முடிந்ததும் நான் திரும்பினேன். பெரியம்மா திரும்பவில்லை. நற்கருணையைப் பாதியில் விட்டுப் போகக்கூடாதாம், அவருடைய ஊரில் அப்படி யாரும் போனதில்லையாம். இரண்டாவது பீடத்தருகே காலைத் தும்மல்காரி எங்களைக் கண்டு கை காட்டினார். பைக்குள்ளிருந்து வந்த குழம்பு வாசம் தூபவாசத்தோடு கலந்து போனது. வாத்தியக்காரர் ஒருவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நான்கு பீடமும் சுற்றி மறுபடி கோயில் வாசலுக்கு வந்தபோது கோபுர மணிக்கூடு 9.40 காட்டியது. அதன் கீழே சுவரில் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று வரையப்பட்டிருந்தது. ஓர் இரும்புக் கம்பி, அதன் நிழல் உரோம எண்களின் மேல் விழும். நிழல் எட்டைத்தான் சற்றுத் தாண்டி நின்றது. 'கோயிலின் சூரியக் கடிகாரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிழை. கம்பி வளைந்திருக்க வேண்டும்' என்று மனதில் குறித்துக்கொண்டேன். எனக்கு அப்போது எல்லாவற்றின் மீதும் கோபம்.

பாதையின் முதல் இரண்டு கிலோமீற்றர் ஓடைக்கரையோரம் ஏறக்குறைய சமதரை. பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. இந்த ஏற்றம்தான் கடினம். வேர்கள் படிகள்போல் இருக்கின்றன, முதல்நாள் மழை பெய்திருந்தால் வழுக்கும். பெரியம்மாவின் சப்பாத்து சாதாரணக் கடைச் சப்பாத்து. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். காட்டைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம். அங்கே பாதை நடுவில் எட்டுப் பத்து மாடுகள் கன்றுகளோடு படுத்திருந்தன. கன்றுள்ள மாடுகளைச் சுற்றிப் போகும்படி அறிவிப்புப் பலகை இருந்தது. சுற்றிப் போனதில் இன்னும் இருபது நிமிடம் கரைந்தது. பெரியம்மாவின் தோள்பட்டையில் பைவார் பதிந்து சிவந்துவிட்டது. என் குதியில் முதல் கொப்புளம் உடைந்தது.

மேய்ச்சல் நிலத்தின் மேல் விளிம்பில் மரச்சிலுவை ஒன்று, அதன்கீழ் உட்கார ஒரு வாங்கு. பெரியம்மா அதில் இருந்துவிட்டார். என் கைத்தொலைபேசியில் 11.25.

"திரும்புவம் பிள்ளை," என்றார்.

இதுதான் எழுதாதே என்று சொன்ன இரண்டாவது விஷயம்.

"முக்கால்வாசி வந்திட்டம் பெரியம்மா."

"பதினொண்டு தாண்டீட்டுது. அவன் இனிச் சாப்பிடமாட்டான். இந்தச் சட்டியை மலை ஏத்தி மலை இறக்கவோ?"

"சாப்பாடு இல்லாட்டி என்ன, ஆளைப் பாக்கலாம்தானே!"

அவர் பைவாரைத் தளர்த்திக்கொண்டார். பள்ளத்தாக்கில் கோயில் மணி பதினொன்றரை அடித்தது.

"பாத்து? என்னத்தைக் கதைக்கிறது? ஏன் போனனீ எண்டு கேக்கவோ? எப்ப வருவாய் எண்டு கேக்கவோ? எனக்கு அவனோட கதைக்கத் தெரிஞ்சது சோறுதான். இன்னும் கொஞ்சம் போடவோ, மீன் காணுமோ, உப்புச் சரியோ. அதுவும் இல்லாமல் போய் அவனுக்கு முன்னால சும்மா கையை வைச்சுக்கொண்டு நிண்டா, நான் அழுதிடுவன். அழமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

என் பையைத் திறந்து தண்ணீர்ப்போத்தலைத் தேடினேன். சீனிச் சம்பல் போத்தல் கைக்கு வந்தது. மூடியின்மேல் பெரியப்பா ஒட்டுநாடா மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

பெரியம்மா அதை வாங்கிப் பார்த்தார். "இந்தாள் எப்ப செய்தது?"

"செவ்வாய்க்கிழமை. நீங்கள் படுத்தாப்பிறகு."

"எனக்குச் சொல்லேல்லை." போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது கெடாது. இதையாவது குடுத்திட்டு வருவம்," என்று எழுந்து பையை மாட்டினார். வாரை நான் இறுக்கிவிட்டேன்.

12.30க்கு மடத்தை அடைந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் அது மடமாகவே தெரியாது. மரப்பலகைச் சுவரும் பெரிய கூரையும் உள்ள பழைய மலைப்பண்ணை வீடு. மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் தியான மண்டபம். வாசலருகே கல்லில் புத்தர் சிலை, பக்கத்தில் விறகு அடுக்கு. முற்றத்தில் நீள மேசை, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். துறவிகள் சாப்பிட்டு எழும்பிவிட்டார்கள் என்பது பார்த்ததுமே விளங்கியது.

ஒரேயொரு பாத்திரம் மட்டும் நிமிர்ந்தபடி இருந்தது. அதன் முன்னால், மொட்டைத் தலையும் வெள்ளை உடுப்புமாக, ஜெறோம் அண்ணா பாயில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். மெலிந்திருந்தார். சிரிப்பு பழைய சிரிப்புத்தான்.

பெரியம்மா பையைக்கூட இறக்காமல் பேசத் தொடங்கினார். "நாங்கள் நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டனாங்கள் அப்பன். பவனி வந்திட்டுது, விட்டிட்டு வர ஏலாமல் போச்சு, பேந்து மாடு... எல்லாம் என்ர பிழை, இவளை ஒண்டும் சொல்லாதை. உனக்கு மத்தியானம் தாண்டீட்டுது. பரவாயில்லை. சம்பல் ஒண்டு இருக்கு, அது கெடாது, நாளைக்கு..."

"அம்மா," என்றார் அண்ணா. "இஞ்ச மத்தியானம் இன்னும் வரேல்லை."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியைப் பார்த்தேன். 12.34.

அண்ணா வீட்டுச் சுவரைக் காட்டினார். மேல்மாடிச் சாளரத்துக்குப் பக்கத்தில், மங்கிய நிறத்தில் இங்கேயும் ஒரு சூரியக் கடிகாரம். நிழல் பதினொன்றைச் சற்றுத் தாண்டி நின்றது.

"புத்தர்ட்ட மணிக்கூடு இருக்கேல்லை. சூரியன் உச்சிக்கு வாறதுதான் எங்களுக்கு நண்பகல். இண்டைக்கு அது ஒண்டு இருபதுக்கு."

எட்டாம் வகுப்புப் புவியியலிலேயே படித்த விஷயம் இது. கோடையில் ஜெர்மனி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கிறது. அதோடு, நம் நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகை இந்த மலைக்கு வெகு கிழக்கே போகிறது. அதற்கு இன்னும் இருபது நிமிடம். காலையில் நான் பார்த்த கோயில் கம்பி வளைந்திருக்கவில்லை. பிழையாக இருந்தது நான் குறித்துக்கொண்டதுதான்.

"நீ ஏன் அவையோட சாப்பிடேல்லை?" என்று பெரியம்மா கேட்டார்.

"பதினொண்டுக்கு வருவம் எண்டு எழுதியிருந்தீங்கள். எங்கட ஆக்களின்ர நேரம் எனக்குத் தெரியாதே? மூத்த துறவியிட்ட நேற்றே கேட்டிட்டன், உச்சி மட்டும் நான் காத்திருக்கலாமோ எண்டு. சிரிச்சுப்போட்டு ஓம் எண்டவர்."

பெரியம்மா பையை இறக்கினார். சேலைத்துணி முடிச்சு இறுகிப் போயிருந்ததால் பல்லால் அவிழ்த்தார். சோறு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அங்கத்தைய முறைப்படி உணவைக் கொடுப்பவர் இரு கையாலும் கொடுக்க வேண்டும், வாங்குபவர் இரு கையாலும் வாங்க வேண்டும். பெரியம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் கொடுப்பார். சோற்றுப் பானையை அண்ணாவின் கைகளில் வைத்தபோது இருவரும் ஒரு கணம் அதைச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெரியம்மா சிலுவை அடையாளம் போட்டார். அண்ணா கண்மூடி எதையோ மெதுவாக ஓதினார். நான் இரண்டுக்கும் பொதுவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கே எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். சோறு, அதன்மேல் மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய். அதன்மேல் அண்ணா வட்டிலப்பத்தை வைக்கப் போனார்.

"டேய், டேய்! அதைப் புறம்பா வையடா!"

"ஒரு பாத்திரந்தான் அம்மா."

"மீன்குழம்புக்குள்ள வட்டிலப்பமோ? புத்தர் இப்பிடியோ சொன்னவர்?"

"வயித்துக்குள்ள ஒண்டாத்தானே போகப்போகுது."

"உன்ர அப்பர் கண்டாரெண்டா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அண்ணா அப்போதுதான் சம்பலைத் தொட்டார். ஒரு வாய் வைத்துவிட்டு மெல்லாமல் இருந்தார். என்னைப் பார்த்து, "இது ஆர் செய்தது?" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சொன்னபடி.

"வெங்காயம் நீளத்துக்கு வெட்டியிருக்கு," என்றார் அண்ணா. "கறுவா கூடிப்போச்சு." பிறகு போத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பெரியம்மா பக்கத்தில் இருந்து, "மீன் காணுமோ? உப்புச் சரியோ? இன்னும் கொஞ்சம் போடவோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் "ஓம் அம்மா" என்று பதில் வந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். பெரியம்மா அழவில்லை. இதை உறுதியாகச் சொல்லலாம், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கான சாப்பாடு. மடத்தில் சமைத்த சோறுகறியை மறுநாளைக்கு வைக்கக்கூடாது, போத்தலில் அடைத்த சம்பலை மட்டும் பயிற்சியில் இருப்பவர் வைத்திருக்கலாம். மௌனத் தியானத்துக்கு வந்திருந்த ஜெர்மன் விருந்தினர்கள் ஏழு பேரை அண்ணா சைகையால் கூப்பிட்டார். உச்சிக்கு முன் என்பதால் அவர்களும் சாப்பிடலாம். அவர்கள் ஒரு கிழமைக்கு வாய்பேசா விரதம். ஆகவே மன்னார் மீன்குழம்பை வாயில் வைத்த பிறகும் ஒருவரும் "உறைப்பு" என்று சொல்ல முடியவில்லை. கண்ணீர் வழிய, மூக்கு வழிய, மிகுந்த அமைதியோடு சாப்பிட்டார்கள். தாடிக்காரர் ஒருவர் மூன்று முறை தண்ணீர்க் குழாய்க்குப் போய்வந்து, நான்காவது முறை கைகூப்பியபடி பெரியம்மா முன்னால் பாத்திரத்தை நீட்டினார்.

"பாத்தியோ," என்றார் பெரியம்மா, அள்ளிப்போட்டுக்கொண்டே. "நாற்பது பேருக்கு எதுக்கு எண்டு கேட்டனீ."

மூத்த துறவி கடைசியில் வந்தார். உயரமான ஜெர்மன்காரர், எழுபது வயது இருக்கும். சாப்பாட்டின் வாசனையே தங்கள் மண்டபம் வரை வந்து தியானத்தைக் கெடுத்துவிட்டதாகச் சிரித்தபடி சொன்னார். "அடுத்த முறை பதினொன்றுக்கு வாருங்கள். எங்களுக்கும் கிடைக்கும்." பெரியம்மா ஜெர்மன் மொழியில், பவனி இல்லாத நாளாகப் பார்த்து வருவதாகச் சொன்னார்.

அண்ணாவின் குடிலைப் பார்க்க அனுமதி கேட்டோம். காட்டோரம், பலகைக் குடில், ஒரு கட்டில் மட்டும் கொள்ளும். பெண்கள் உள்ளே போகக்கூடாது, வெளியில் நின்று பார்த்தோம். பெரியம்மா போர்வையின் தடிப்பை எட்டித் தொட்டுப் பார்த்தார். சூரிய ஒளியில் மின்னேறும் சிறு விளக்கு ஒன்று கட்டில் தலைமாட்டில். அண்ணாவே பொருத்தியதாம்.

"இரவில எத்தினை மணிக்கு லைட் நூப்பாய்?"

"ஒன்பதுக்கு அம்மா. விடிய நாலுக்கு எழும்போணும்."

"பேந்து இருட்டுக்குள்ள கால் இடிபடாதோ?"

"இடிக்க இஞ்ச ஒண்டும் இல்லை அம்மா."

நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். பாரம் குறைந்த பானைகள் முதுகில் கடகடத்தன. இறக்கம் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. மிஞ்சிய சோற்றையும் குழம்புகளையும் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தோம். மூடியைத் திறக்குமுன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அமைதி கெடும் என்று மடத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அந்தப் பகுதியில் பௌத்த மடங்கள் அதிகமில்லை, உண்மையாகத் தேடுகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். துறவிகளைப் படம் எடுக்காதீர்கள். கணுக்கால் மூடிய சப்பாத்தும் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரும் கட்டாயம். பாதையில் தண்ணீர் ஓடைக்கரையில் மட்டும்தான் கிடைக்கும். கத்தோலிக்கர்கள், தயவுசெய்து நாட்காட்டியைப் பாருங்கள். முக்கியமாக, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நம்பிப் பிந்திப் போகாதீர்கள். அன்று எங்களுக்காக ஒருவர் பசியோடு காத்திருந்தார், அவ்வளவுதான். உங்களுக்காக அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு பத்தரைக்கே போய்விடுங்கள்.

நான் எதிர்பார்த்தது வேறு. அண்ணாவைத் திருப்பிக் கூட்டிவருவது, அல்லது ஏன் போனார் என்று அறிவது, இரண்டில் ஒன்று நடக்கும் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. ஏன் போனார் என்று அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. இருந்தும் ரயிலில் பெரியம்மா ஊல்ம் முதல் கொலோன் வரை, வாய் திறந்தபடி, நிம்மதியாக நித்திரை கொண்டார். (இதற்கு அனுமதி வாங்கவில்லை.)

இப்போது வெள்ளிக்கிழமை இரவு. ரயிலில் எழுதத் தொடங்கிய இதைப் பெரியம்மா வீட்டுக் குசினி மேசையில் இருந்து முடிக்கிறேன். பெரியப்பா கதவைத் திறந்ததும் பயணம் எப்படி என்று கேட்கவில்லை. பானைகளை வாங்கிக் கழுவும் தொட்டிக்குள் வைத்தார், பிறகு பையைக் கிண்டினார்.

"சம்பல் போத்தல் எங்கை?"

"அவன் வைச்சிருக்கிறான்," என்றார் பெரியம்மா. "கறுவா கூடிப்போச்சாம்."

பெரியப்பா கொஞ்சநேரம் வெறும் பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "கூடேல்லை. அளவாத்தான் போட்டனான்," என்றார். பிறகு, "அடுத்தமுறை குறைக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பெரியம்மா சற்றுமுன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது. "அவன் இப்ப லைட்டை நூத்திருப்பான்," என்றார். நடைபாதைக்குப் போனார். "பிள்ளை, எழுதினது காணும், கண் கெடப்போகுது," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். பிறகு விளக்குகளை அணைத்தார், நடைபாதை விளக்கையும் சேர்த்து.